டீசல் ஓவன் பர்னர் மக்கர் பண்ணுதா? பேரலில் இருந்து பம்பு வரைக்கும் ஒரு தடவை பாருங்க

பேக்கரிக்காரர்கள் எனக்குப் போன் போடுவது பெரும்பாலும் விடிகாலை மூணு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவில்தான். "அண்ணே, பர்னர் போயிருச்சு, ட்ராலி முழுக்க பன் பொங்கி நிக்குது" என்று மாஸ்டர் பதறுவார். போய்ப் பார்த்தால் பர்னர் எங்கேயும் போயிருக்காது, அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கும். பேரலுக்கும் பர்னருக்கும் நடுவில் ஓடுகிற பத்துப் பதினைந்து அடி பைப்பில்தான் கோளாறு இருக்கும். அதற்குள் யாரோ ஒருவர் டீசலைத் தெளிக்கும் நாசிலை மாற்றி, பொறி கொடுக்கும் எலக்ட்ரோடை மாற்றி, பம்பையும் கழற்றி மேஜை மேல் வைத்திருப்பார்.

அதனால் இதில் பைப் லைனைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். டீசலில் ஓடும் ரோட்டரி ரேக் ஓவனை மனதில் வைத்து எழுதியது, ஆனால் அதே மாதிரி பர்னர் மாட்டிய வெந்நீர் பாய்லர், பெயின்ட் காய வைக்கும் ஓவன் எதுவானாலும் லைன் ஒன்றுதான்.

## முதலில் ரீசெட் பட்டனில் இருந்து கையை எடுங்கள்

சிவப்பு லைட் எரிந்தால் பர்னர் லாக்அவுட்டில் நிற்கிறது, அதாவது பாதுகாப்புக்காகத் தானே பூட்டிக்கொண்டது. மோட்டார் ஓடி, பத்துப் பதினைந்து விநாடி காற்றடித்து, அப்புறம் சாலினாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) திறந்து டீசல் தெளிக்கும். அடுத்த சில விநாடிக்குள் போட்டோசெல்லுக்கு நெருப்புத் தெரியவில்லை என்றால் கன்ட்ரோல் பாக்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அப்படி நிற்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் எரியாமல் உள்ளே போகிறது. எட்டு தடவை ரீசெட் அடித்தால் எட்டு தடவைக்கான டீசல் சேம்பர் அடியில் தேங்கி நிற்கும், ஒன்பதாவது தடவை பற்றும்போது அத்தனையும் சேர்ந்து 'டம்'மென்று அடிக்கும். புகைபோக்கிக் குழாய் கழன்று விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தடவைதான் கணக்கு. மூன்றாவது தடவைக்கு முன் கீழே இருக்கிற எதையாவது பாருங்கள். ஏற்கெனவே ஏழெட்டு தடவை அமுக்கிவிட்டீர்கள் என்றால் இதை மேற்கொண்டு படிக்க வேண்டாம், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள், அவர் சேம்பரைத் திறந்து துடைத்த பிறகுதான் பற்ற வைக்க வேண்டும்.

## பைப்பா, பர்னரா? கேன் வைத்துப் பாருங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். ஐந்து லிட்டர் கேன் ஒன்று, காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். பாதிக்குமேல் புது டீசல். டீசல் தாங்கும் புது ஹோஸ் ஒரு மீட்டர். ஓவன் ஆறியிருக்கும்போது, மெயினை அணைத்துவிட்டு, பம்பில் வந்து சேரும் லைனைக் கழற்றி அந்த இடத்தில் இந்த ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கேனில் விடுங்கள். ரிட்டர்ன் லைன் (மிச்ச டீசலைப் பேரலுக்கே திருப்பிக் கொண்டுபோகும் பைப்) இருந்தால் அதையும் கழற்றி இன்னொரு ஹோஸ் போட்டு அதே கேனுக்குள் விட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் வருகிறது. கேன் பர்னருக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் இருக்கட்டும், பக்கத்திலேயே ஆள் நிற்கட்டும்.

கேனில் இருந்து கால் மணி நேரம் ஒழுங்காக ஓடினால் பர்னரைத் தொட வேண்டாம், கோளாறு லைனில். கேனிலும் அதே தொந்தரவு என்றால் லைனை விட்டுவிட்டு பம்பு, நாசில் பக்கம் போங்கள். இதைச் செய்யாமல் பம்பு மாற்றியவர்கள் கணக்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

## காலையில் பற்றாது, இரண்டு ரீசெட் அடித்தால் பற்றி நாள் முழுக்க ஓடும்

ராத்திரி பர்னர் நின்றிருக்கும்போது லைனில் இருந்த டீசல் மெதுவாகப் பேரலுக்கே இறங்கிவிடுகிறது, அந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேரல் பம்பைவிடக் கீழே இருக்கிற இடங்களில்தான் இது வரும். உறுதி செய்ய வேண்டுமா, பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிற கண்ணாடி ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் போடுங்கள். ராத்திரி நிறைந்து இருந்தது காலையில் காலியாக இருந்தால் இதுதான்.

ஃபில்டர் கிண்ணத்து வாஷர். நான் பார்த்தவற்றில் முதல் குற்றவாளி இவர்தான். ஃபில்டரைச் சுத்தம் பண்ணிவிட்டுப் பழைய வாஷரையே திருப்பிப் போட்டு, ஒழுகாமல் இருக்க இன்னும் ஒரு சுற்று முறுக்கியிருப்பார்கள். வாஷர் நசுங்கி ஒரு பக்கம் பிதுங்கியிருக்கும். ஃபில்டர் கழற்றினால் வாஷர் புதுசு, அவ்வளவுதான்.

ஃபுட் வால்வு. பேரலுக்குள் இறங்கும் பைப்பின் நுனியில் இருக்கும், டீசல் திரும்பி இறங்காமல் தடுப்பது இதுதான். அதன் உட்காரும் இடத்தில் துரும்போ துருவோ மாட்டினால் மூடாது. வெளியே எடுத்து டீசலிலேயே கழுவி, வாயால் ஊதாமல் டீசல் ஊற்றி நிற்கிறதா என்று பாருங்கள்.

ரிட்டர்ன் பைப்பின் நுனி. டபுள் லைன் (உறிஞ்ச ஒரு பைப், ரிட்டர்னுக்கு ஒரு பைப்) போட்ட இடங்களில் ரிட்டர்ன் பைப்பைப் பேரல் மூடியோடு நிறுத்தி, டீசல் மேலிருந்து கொட்டுகிற மாதிரி விட்டிருப்பார்கள். பர்னர் நின்றதும் அந்த வழியாகவே காற்று ஏறும். ரிட்டர்ன் நுனியும் உறிஞ்சும் பைப்பின் அளவுக்கே டீசலுக்குள் இறங்கி இருக்க வேண்டும்.

ஜாயின்ட்டுகள். இங்கேதான் எல்லாரும் ஏமாறுவது. "எங்கயும் ஒழுகலையே அண்ணே" என்பார்கள். உறிஞ்சும் லைனில் டீசல் வெளியே வராது தம்பி, காற்றுதான் உள்ளே போகும். அதனால் பர்னர் ஓடும்போது சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதில் பயன் இல்லை. நான் செய்வது: பர்னர் ஓடட்டும், ஒவ்வொரு நட்டாகச் சுற்றிலும் கிரீஸை அப்பிக்கொண்டே வருவேன், கண்ணாடி ஹோஸில் குமிழி எந்த நட்டில் நிற்கிறதோ அதுதான் கள்ளன். அப்படியும் பிடிபடவில்லை என்றால் லைனை இரண்டு பக்கமும் கழற்றி, டீசலை வடித்து, ஒரு முனையை அடைத்துவிட்டு மறுமுனையில் சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றடித்து, இப்போது சோப்புத் தண்ணீர் தடவலாம். கம்ப்ரசர் வேண்டாம், ஹோஸ் கிழிந்துவிடும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லியே ஆக வேண்டும். டீசல் லைனில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். தண்ணீர் பைப்புக்கு அது சரி. டீசல் லைனில் முறுக்கும்போது அறுந்த நூல் மாதிரி துணுக்குகள் உள்ளே போய் பம்பின் ஜல்லடையிலும் நாசிலிலும் உட்காரும். போன மாதம் ஒரு நாசிலைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினேன், மீசை முடி அளவுக்கு ஒரு வெள்ளை நூல், அதற்காக அந்தக் கடை மூன்று நாள் ரொட்டி போடாமல் இருந்திருக்கிறது. காப்பர் டியூபைக் கட்டரால் வெட்டி, ஓரத்தைச் சீவி, நுனியை விரித்து ஃபிளேர் அடித்து, பித்தளை நட்டுப் போட்டால் டேப்பே தேவைப்படாது. ஹாக்சா பிளேடால் அறுத்தால் அந்தத் தூளும் பம்புக்குத்தான் போகும். திருகு ஜாயின்ட் இருந்தே தீர வேண்டும் என்றால் டீசல் தாங்கும் த்ரெட் சீலன்ட், அதுவும் முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு.

ஜி.ஐ. பைப்பும் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு டீசலோடு ஒத்துப்போகாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சை ஹோஸ் போட்டிருந்தால், கழற்றி எறிந்துவிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? வாஷர், ஃபுட் வால்வு, ஜாயின்ட் மூன்றும் பார்த்து, கேனில் வைத்தாலும் காலையில் காற்று இருக்கிறது என்றால் பம்பின் ஷாஃப்ட் சீல் வழியாகக் காற்று இழுக்கிறது. அது பம்புக்காரர் வேலை.

## நன்றாகப் பற்றும், முக்கால் மணி நேரத்தில் அணையும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பற்றும்

பேரல் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. தூசி விழாமல் இருக்கட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் மூடியை இறுக்கியிருப்பார்கள், டீசல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று இல்லாமல் பேரலுக்குள் வெற்றிடம் உண்டாகி பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கும். பேரலின் பக்கம் லேசாக உள்ளே குழிந்திருப்பதும் ஓர் அடையாளம். மூடியில் ஒரு வென்ட் குழாய், நுனி கீழே வளைந்து, வலை கட்டி. அது இல்லாமல் ஓட்டை மட்டும் போட்டு வெளியில் வைத்தால் மழைத் தண்ணீர் இறங்கும்.

மூடியில் இல்லை என்றால் ஃபில்டர். கொஞ்சமாக அடைத்திருந்தால் தொடக்கத்தில் ஓடும், நேரம் ஆக ஆகத் திணறும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரிக்குப் பிறகு ஃபில்டரில் மெழுகு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் டீசல் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், குளிரில் டீசலில் உள்ள மெழுகு பிரிந்து நிற்கிறது. பேரலையும் லைனையும் கட்டடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

அடுத்தது ஹோஸ். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், உள்தோல் உப்பி வழியை அடைத்திருக்கும். கையால் மடக்கிப் பாருங்கள், கல் மாதிரி விறைத்திருந்தாலோ கொழகொழவென்று இருந்தாலோ மாற்றுங்கள்.

அப்புறம் தண்ணீர். ஃபில்டர் கிண்ணத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு கோடு பிரிந்து நின்றால் பேரலில் தண்ணீர் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் அளவுக் குச்சியில் ஒரு பேஸ்ட் தடவித் தண்ணீர் பார்ப்பார்கள் இல்லையா, அது கிடைத்தால் இன்னும் சுலபம், தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும். உறிஞ்சும் பைப்பு பேரல் அடியைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது, நாலு விரல்கடை மேலே நிற்கட்டும், தண்ணீரும் சகதியும் தங்க இடம் வேண்டும். டீசலும் தண்ணீரும் சேரும் கோட்டில் கறுப்பாக வழவழவென்று ஏதாவது இருந்தால் பேரலைக் காலி செய்து கழுவுவதுதான் வழி.

இத்தனையும் சரியாக இருந்து, சூடேறினால் மட்டும் நிற்கிறது என்றால் சாலினாய்டின் கம்பிச் சுருளோ கன்ட்ரோல் பாக்ஸோ சூட்டில் விட்டுக்கொடுக்கிறது. எலக்ட்ரிக் வேலை தெரிந்தவர் வரட்டும்.

## பம்பு கத்துகிறது

விசில் மாதிரியோ ஜல்லி அரைக்கிற மாதிரியோ சத்தம் வந்தால் பம்பு சக்திக்கு மீறி இழுக்கிறது. வால்வு பாதி மூடியிருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, காப்பர் டியூப் எங்காவது ட்ராலி இடித்து நசுங்கியிருக்கிறதா, இந்த வரிசையில் பாருங்கள். ட்ராலி போகும் வழியில் தரையோடு டியூப் ஓட்டியிருந்தால் நசுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வேக்குவம் கேஜ் இருந்தால் பம்பில் அதற்கென்று இருக்கும் துளையில் மாட்டுங்கள். 0.45 பார், பாதரசக் கணக்கில் ஏறக்குறைய 13 அங்குலம், அதற்கு மேல் போனால் டீசலில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து குமிழியாக வரத் தொடங்கும். எங்கேயும் லீக் இல்லாமலே காற்று வருகிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது இந்த நிலையில்தான்.

காரணம் பெரும்பாலும் லைன் போட்ட விதம். ஒவ்வொரு மீட்டர் மேலே தூக்கவும் 0.08 பார் போல செலவாகிறது, அதோடு பைப் நீளம், வளைவு, வால்வு எல்லாம் சேர்கிறது. மூன்றரை மீட்டருக்கு மேல் பள்ளத்தில் பேரல் இருந்தால் பர்னர் பம்பை மட்டும் நம்ப வேண்டாம், தனியாக ஒரு பம்பு வைத்து மேலே ஒரு சின்ன டேங்குக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, டபுள் லைனில் நாசில் எரிக்கிற நாலைந்து லிட்டர் மட்டும் ஓடுவதில்லை, பம்பின் முழு ஓட்டமும் போய்ப் போய்த் திரும்பி வருகிறது, மணிக்கு நாற்பது ஐம்பது லிட்டர்கூட இருக்கும். நீள லைனுக்கு ஒடுங்கிய டியூப் போட்டு டபுள் லைன் ஓட்டினால் கத்தத்தான் செய்யும். டியூப் அளவை மாற்றுவதா, சிங்கிள் லைன் ஆக்குவதா என்பதை பர்னர் புத்தகத்தில் உள்ள அட்டவணையைப் பார்த்து முடிவு பண்ணுங்கள், அது தெரியாவிட்டால் லைன் போட்டவரையே கூப்பிடுங்கள்.

## புது பம்பு மாட்டிய உடனே முன்பக்கம் டீசல் ஒழுகுகிறது

இது எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன்.

வேலை கற்றுக்கொண்ட காலம். ராத்திரி பதினொன்றரை மணி, ஒரு பேக்கரியில் பம்பு மாற்றினேன். பழையது சிங்கிள் லைன், புதுசும் அதே மாடல். ரிட்டர்ன் துளையில் ப்ளக் போட்டு அடைத்து, லைனை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, ஷாஃப்ட் பக்கமாக டீசல் பிய்த்துக்கொண்டு வந்தது. பீஸ் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கைவசம் இருந்த இன்னொரு பம்பை மாட்டினேன். அதுவும் அதே மாதிரி. காலையில் என் குரு வந்து, ரிட்டர்ன் துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார், உள்ளே கடுகு டப்பி மூடி அளவுகூட இல்லாத ஒரு ஸ்குரூ. பைபாஸ் ஸ்குரூ.

கதை இதுதான். டபுள் லைன் என்றால் அந்த ஸ்குரூ உள்ளே இருக்க வேண்டும், மிச்ச டீசல் ரிட்டர்ன் வழியாகப் போகும். சிங்கிள் லைன் என்றால் ஸ்குரூவை எடுத்துவிட வேண்டும், மிச்ச டீசல் பம்புக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். ஸ்குரூவும் இருந்து ரிட்டர்னும் அடைபட்டால் டீசலுக்குப் போக வழி இல்லை, சீலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். சில கம்பெனி ஸ்குரூவை உள்ளே போட்டே அனுப்பும், சில கம்பெனி சின்ன பாக்கெட்டில் தனியாகப் போட்டுத் தரும், அதனால் 'போன தடவை இப்படித்தான் இருந்தது' என்று நம்பாமல் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

டபுள் லைனில் ரிட்டர்ன் பைப்பில் வால்வு போடக் கூடாது என்பதும் இதற்காகத்தான். பெருக்க வந்தவர் கால் பட்டு வால்வு மூடினாலும் பம்பு போச்சு. கேன் வைத்துப் பார்க்கும்போது ரிட்டர்ன் ஹோஸை மறக்காதீர்கள் என்று சொன்னதும் இதனால்தான்.

சீல் பிய்ந்த பம்பை நீங்களே திறக்க வேண்டாம். சீல் கிட் மாற்றிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மாற்றிய பிறகு கேஜ் வைத்து பிரஷர் பார்த்துத் தர வேண்டும்.

## மோட்டார் ஓடுகிறது, டீசலே வரவில்லை

பேரலில் டீசல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். இரண்டாவது, வால்வு திறந்திருக்கிறதா? மூன்றாவது, ஃபில்டர் மாற்றிய பிறகு கிண்ணத்தில் டீசல் நிரப்பி மூடினீர்களா? சிங்கிள் லைனில் காற்றை அதுவாகவே வெளியேற்ற முடியாது, பம்பில் உள்ள ப்ளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, அதில் ஒரு ஹோஸ் மாட்டி பாட்டிலில் விட்டு, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட வேண்டும். லைனைக் கையால் நிரப்பிவிட்டுத் தொடங்கினால் ஒன்றிரண்டு ஸ்டார்ட்டில் முடியும். லாக்அவுட் ஆகாமல் இருக்க போட்டோசெல்லுக்கு டார்ச் அடித்து ஏமாற்றும் வேலையைச் சிலர் செய்வார்கள், அனுபவம் இல்லாமல் அதைச் செய்தால் எரியாத டீசல் சேம்பருக்குப் போகும், வேண்டாம்.

நாலாவது கப்ளிங். மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் பிளாஸ்டிக் துண்டு, அதன் பல் தேய்ந்தோ உடைந்தோ போனால் மோட்டார் மட்டும் ஜாலியாகச் சுற்றும். விலை குறைவு, ஒன்று கைவசம் வைத்திருங்கள். பம்பு இறுகிப் போனதால்தான் கப்ளிங் உடைந்திருக்கவும் கூடும், மாற்றும்போது பம்பு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் புது கப்ளிங்கும் ஒரு நாள் தாங்காது, ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஓவன் நின்ற பிறகும் சொட்டுகிறது, வெள்ளைப் புகை, டீசல் நாற்றம்

இது டேங்கை மேலே வைத்த இடங்களின் வியாதி. சாலினாய்டுக்குள் துரும்பு மாட்டி முழுதாக மூடவில்லை என்றால், மேலே இருந்து டீசல் தன் எடையிலேயே இறங்கி நாசில் வழியாக ராத்திரி முழுக்கச் சொட்டும். உடனே லைன் வால்வை மூடுங்கள். மூடியதும் சொட்டு நின்றால் சாலினாய்டு கழுவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும், இரண்டுமே தெரிந்தவர் செய்யட்டும். சேம்பருக்குள் தேங்கியதைத் துடைக்காமல் பற்ற வைக்காதீர்கள்.

டேங்க் உயரத்தையும் பாருங்கள். சின்ன பர்னர்களின் புத்தகத்தில் நாலு மீட்டருக்கு மேல் போகாதே என்று இருக்கும், அதற்கு மேல் பம்பு சீலுக்குப் பாரம். டேங்கை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு வால்வு கட்டாயம், பைப்பு உடைந்தால் டேங்க் மொத்தமும் ஓவன் பக்கத்துத் தரையில்தான் இருக்கும். பேரலை ஓவனை ஒட்டி வைப்பதும் இதே ரகம். மொத்தக் கையிருப்பு 2,500 லிட்டருக்குள்ளும், எந்த ஒரு டேங்கும் 1,000 லிட்டரைத் தாண்டாமலும் இருந்தால் பெட்ரோலியச் சட்டப்படி டீசலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதற்கு மேல் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தப் பேப்பர் வேலை.

## கரும்புகை

இது லைன் கோளாறு இல்லை, பெரும்பாலும். காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் தகடு நகர்ந்திருக்கும், பர்னர் ஃபேனில் மாவுத் தூசி அப்பியிருக்கும், நாசில் தேய்ந்திருக்கும். ஃபேனையும் போட்டோசெல்லையும் மெல்லிய துணியால் துடைப்பது வரை உங்கள் வேலை. பம்பு பிரஷரைத் திருகிச் சரிபண்ணப் பார்க்காதீர்கள், கேஜ் இல்லாமல் திருகினால் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் புகை நாற்றம் ரொட்டியிலேயே வந்தால் இதெல்லாம் வேண்டாம். இந்த ஓவன்களில் நெருப்புப் புகையும் ரொட்டி வேகும் காற்றும் ஒன்றை ஒன்று தொடவே கூடாது, நடுவில் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் தகடு வெடித்திருக்கிறது. அன்றைக்கு வெந்த ரொட்டியை விற்காமல் ஓவனை நிறுத்திவிட்டு, ஓவன் செய்து கொடுத்தவர்களுக்கே போன் போடுங்கள்.